சாப்பாட்டு மேசை மேல் ஒரு சிம்மாசனம்

1765 ஆகஸ்ட் 12, அலகாபாத். ஹிந்துஸ்தானத்தின் சக்கரவர்த்தி ஷா ஆலம், ராபர்ட் கிளைவ் துரையின் கூடாரத்துக்கு எழுந்தருளியிருக்கிறார். வங்காளம், பீகார், ஒரிசா மூன்றின் வரிவசூலையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். கொடுப்பவர் சக்கரவர்த்தி என்றால் உட்காரச் சிம்மாசனம் வேண்டுமே? மயிலாசனத்தை நாதிர் ஷா 1739லேயே பாரசீகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கிளைவின் சாப்பாட்டு மேசை இருந்தது. அதன் மேல் அவருடைய கைவைத்த நாற்காலியைத் தூக்கி வைத்து, ஒரு சீட்டித் துணியைப் போர்த்தினார்கள் என்பது கதை. தைமூர் வம்சத்தின் அரியணை தயார்.

இதே காட்சியைப் பின்னாளில் பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் வரைந்தார். அவர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. அதனால் ஓவியத்தில் குறை ஒன்றும் இல்லை. விதானம், யானை, பட்டு, பரிவாரம் எல்லாம் அமர்க்களமாக இருக்கின்றன. சாப்பாட்டு மேசையை மட்டும் காணோம்.

பத்து மாதத்துக்கு முன்புதான் பக்சாரில் கம்பெனிப் படை இதே பாதுஷாவின் தரப்பைப் புரட்டி எடுத்திருந்தது. ஜெயித்தவன் கீழே நிற்கிறான், தோற்றவர் மேசை மேல் உட்கார்ந்து வரம் கொடுக்கிறார். காரியம் ஆகும்வரை கழுதையானாலும் காலைப் பிடி என்பது நம் ஊர்ப் பாடம். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் குலாம் ஹுசைன் கானும் கழுதையைத்தான் நினைத்துக்கொண்டார். ஒரு கழுதையை விலை பேசி முடிக்க ஆகும் நேரம்கூட ஆகாமல் இவ்வளவு பெரிய விவகாரத்தை முடித்துவிட்டார்களே என்று அங்கலாய்த்திருக்கிறார்.

அடித்துப் பிடுங்கியதை எதற்காகக் கெஞ்சி வாங்க வேண்டும்? அங்கேதான் லண்டன் வக்கீல் மூளை. 1757லேயே பிரிட்டிஷ் அரசின் சட்ட அதிகாரிகளான பிராட்டும் யார்க்கும் ஒரு கருத்துரை கொடுத்திருந்தார்கள். சண்டை போட்டுப் பிடித்த நிலம் இங்கிலாந்து ராஜாவுக்குச் சொந்தம். இந்திய அரசர்கள் மனமுவந்து கொடுத்த நிலமென்றால் கம்பெனிக்குச் சொந்தம். ஆகவே வெற்றி பெற்ற கம்பெனிக்கு அவசரமாக ஒரு வள்ளல் தேவைப்பட்டார். “நாங்கள் எங்கே பிடித்தோம்? பெரியவர் கொடுத்தார், தட்ட முடியாமல் வாங்கிக்கொண்டோம்” என்று லண்டனில் சொல்லலாம். பிரெஞ்சுக்காரனும் டச்சுக்காரனும் கேட்டால், “நாங்கள் வெறும் திவான், பாதுஷாவின் கணக்குப்பிள்ளை” என்று கைகட்டி நிற்கலாம். எஜமானருக்கு அந்தக் கணக்குப்பிள்ளை போட்ட படி வருடத்துக்கு 26 லட்சம் ரூபாய். வங்காள நவாப்புக்கு 53 லட்சத்துச் சொச்சம். மீதி முழுக்கக் கணக்குப்பிள்ளைக்கு.

பாதுஷாவுக்கும் இந்தப் பொய் பிடித்திருந்தது. நாடு போனாலும் ‘கொடுத்தவர்’ என்ற பேர் இருக்கிறது, மேற்கொண்டு 26 லட்சம். நவாப்புகளுக்கு இன்னும் பிடித்திருந்தது. டில்லியில் ஒருவர் சக்கரவர்த்தியாக இருந்தால்தானே அவர் கொடுத்த பட்டத்துக்கு மதிப்பு? மேலே இருக்கிறவரைப் பொம்மை என்று சொல்லிவிட்டால், அவர் கையெழுத்துப் போட்ட தங்கள் பட்டயமும் பொம்மைக் கடை ரசீது ஆகிவிடும். எனவே எல்லோரும் சேர்ந்து, யாரும் கூட்டம் போட்டுப் பேசாமலேயே, ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சக்கரவர்த்தி இருக்கிறார், அவர்தான் ஆள்கிறார்.

கணக்குப்பிள்ளை மட்டும் படியளப்பதைச் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார். வங்காளத்தைப் பஞ்சம் விழுங்கியது. பாதுஷாவோ மராட்டியர் துணையோடு 1772இல் டில்லிக்குத் திரும்பினார். இதுதான் சாக்கு என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் 26 லட்சத்துக்குக் கத்திரி போட்டார். பாதுஷாவின் செலவுக்கென்று விட்டிருந்த கோரா, அலகாபாத் சீமைகளை அயோத்தி நவாப்புக்கு 50 லட்சத்துக்கு விற்றார். எஜமானரின் நிலத்தை விற்ற பிறகும் கம்பெனி தன்னை அவருடைய ஊழியர் என்றே சொல்லிக்கொண்டது. பணிவில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இந்தப் பணிவு நம் ஊர்ச் சுருக்குப்பையில் வந்து குலுங்கியது ஆர்க்காட்டு ரூபாயாக. அதைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் கம்பெனியார் அடித்த வெள்ளிக் காசு அது. பாரசீக எழுத்து. ராஜா பெயர் இரண்டாம் ஆலம்கீர். ஆண்டு ஹிஜ்ரி 1172, அதாவது 1758-59. ஆட்சியின் ஆறாம் வருஷம். அக்கசாலை ஆர்க்காடு. ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். ஆலம்கீரை அவருடைய வஜீரே 1759 நவம்பரில் ஆள் வைத்துக் குத்திக் கொன்றுவிட்டான். யாரோ ஒரு மகான் வந்திருக்கிறார், தரிசிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போய்த்தான் கதையை முடித்தார்கள். ஆக, ராஜா காலி. காசை அடித்தது சென்னையில், ஆகவே ஊரும் பொய். இதே ராஜா, இதே ஆண்டு, இதே ஆறாம் வருஷம் என்று 1835 வரை காசு அச்சாகிக்கொண்டே இருந்தது, ஆகவே தேதியும் பொய். நடுவில் 1807இல் சென்னை அக்கசாலைக்குப் புது இயந்திரங்கள் வந்தன. அவை செத்த ராஜாவை இன்னும் வழவழப்பாக அடித்துக் கொடுத்தன. அந்தக் காசில் உண்மை ஒன்றே ஒன்றுதான், வெள்ளி. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். செத்த ராஜாவின் காசும் நாறவில்லை.

கல்கத்தாவில் இதே கூத்து மகன் பேரில் நடந்தது. ஆலம்கீரின் மகன்தான் ஷா ஆலம். வங்காளத்துக் காசுகளில் அவருடைய ஆட்சி பத்தொன்பதாம் வருஷத்தோடு நின்றுவிட்டது. அவர் உயிரோடு இருந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆண்டதைக் காசு கண்டுகொள்ளவில்லை. இதற்குப் பின்னால் காசு மாற்றிக் கொடுக்கும் சராப்புகள் இருந்தார்கள். இந்த வருஷத்துக் காசு என்றால் முழு மதிப்பு, போன வருஷத்துக் காசு என்றால் நூற்றுக்கு மூன்று வட்டம், அதற்கும் பழையது என்றால் ஐந்து என்று கழிப்பார்கள். காசில் ஒரு குன்றிமணி தேய்ந்திருக்க வேண்டியதில்லை, வருஷம் தேய்ந்தால் போதும். கம்பெனி யோசித்தது. வருஷத்தை வைத்துத்தானே கழிக்கிறாய், இனி வருஷமே மாறாது, என்ன செய்வாய்? இப்படியாகக் காலம் நின்றது. தகப்பனார் சென்னையில் ஆறாம் வருஷத்திலும், மகன் கல்கத்தாவில் பத்தொன்பதாம் வருஷத்திலும் என்றும் பதினாறாய் ஆண்டுகொண்டிருந்தார்கள்.

டில்லியில் ஒரு பெரிய பொய் இருந்தால் சேப்பாக்கத்தில் அதற்கு ஒரு கிளை இருக்காதா? ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, ஷா ஆலமிடமிருந்து 1765இல் ஃபர்மான் வாங்கினார். அதன்படி அவர் இனி ஐதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, நேரே பாதுஷாவின் ஆள். ‘வாலாஜா’ என்ற பட்டமும் வந்தது. இன்றைக்கும் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் சாலையாகிவிட்ட அந்தப் பட்டத்தின் மேல்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஒரு காலத்தில் கம்பெனியார் சென்னைக்காக நவாப்புக்கு வருடம் 1,200 வராகன் வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்கள். இப்போது வீட்டுக்காரரைக் காப்பாற்றுவதற்குக் குடித்தனக்காரரே படை வைத்திருந்தார், அதற்கான செலவை வீட்டுக்காரர் தலையிலேயே எழுதினார். நவாப் கடன் வாங்கினார். யாரிடம்? கம்பெனியின் குமாஸ்தாக்களிடம். அதற்கு வட்டி கட்ட இன்னொரு கடன். 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் இந்தக் கடனைப் பற்றியே மணிக்கணக்கில் பேசித் தீர்த்தார்.

நவாப்புக்குப் பின்னால் கடன்காரர்கள் எல்லாம் கணக்கை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தபோது மொத்தத் தொகை சுமார் 3 கோடி பவுனைத் தொட்டது. அதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, அது கால் நூற்றாண்டு உட்கார்ந்து, நிஜமான கடன் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று கண்டுபிடித்தது. அதாவது நவாப்புக்கு ராஜ்ஜியம் இருப்பதாகப் பாவனை, அந்த நவாப்புக்குக் கடன் கொடுத்ததாகவும் பாவனை. இதற்கிடையில் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கிஸ்தி கேட்டு வந்த துரைகளும் ‘நவாப்புக்காகத்தான்’ என்றே ஆரம்பித்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் வாங்கும் நெல் காசு, காகிதத்தில் நவாப்புக்குப் போய், அங்கிருந்து காகிதத்திலேயே டில்லிப் பாதுஷாவின் கீர்த்தியில் சேர்ந்தது. நிஜமாகப் போய்ச் சேர்ந்த கஜானா மட்டும் ஜார்ஜ் கோட்டையில்.

அந்த டில்லிப் பாதுஷாவின் நிலைமையை நினைத்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். 1788இல் குலாம் காதிர் என்ற ரோகில்லாத் தலைவன் செங்கோட்டைக்குள் புகுந்து, புதையலைக் காட்டு என்று வதைத்து, ஷா ஆலமின் கண்களைப் பிடுங்கினான். மராட்டியர் வந்து மீட்டார்கள். அவருடைய ராஜ்ஜியம் டில்லியில் தொடங்கிப் பாலம் என்ற ஊரில் முடிகிறது என்று ஊரே கேலி பேசியது. இன்றைக்கு விமான நிலையம் இருக்கும் அதே பாலம்தான்.

1803 செப்டம்பரில் ஜெனரல் லேக் டில்லியைப் பிடித்தார். உள்ளே போனால், கிழிந்த விதானத்துக்கு அடியில் கண்ணில்லாத கிழவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பீரங்கி, ஒரு குதிரை, ஒரு கிராமம்கூட அவரிடம் கிடையாது. ஆனாலும் ஊரைப் பிடித்தவருக்கு அவர் கொடுத்தார். எதை? பட்டத்தை. ராஜ்ஜியத்தின் வாள், நாட்டின் மகாவீரர் என்கிற தினுசில் மூச்சு முட்ட ஒரு பட்டம். ஜெனரல் அதைத் தலைவணங்கி வாங்கிக்கொண்டார். கல்கத்தாவில் இருந்த வெல்லஸ்லி கவர்னர் ஜெனரல் ஒரு காரியத்தில் மட்டும் கவனமாக இருந்தார். பாதுஷாவோடு உடன்படிக்கை என்று ஒரு காகிதம்கூடப் போடவில்லை. எழுதிவிட்டால் யார் எஜமானர், யார் ஊழியர் என்று எழுத வேண்டி வரும்.

அதற்கப்புறம் அரை நூற்றாண்டு டில்லியில் அரங்கேறிய நாடகத்துக்கு இணை கிடையாது. டில்லித் தெருவில் தமுக்கடிப்பவன் அறிவிப்புக்கு முன்னால் ஒரு வாய்ப்பாடு சொல்வான். மக்கள் ஆண்டவனுடையவர்கள், நாடு பாதுஷாவினுடையது, உத்தரவு கம்பெனி பகதூருடையது. மூன்று பேருக்கும் மனக்குறை இல்லாமல் பாகம் பிரித்தாயிற்று. பாதுஷாவுக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கும், அதற்குப் பெயர் சம்பளம் கிடையாது. பண்டிகை நாளில் துரைமார் பொன் மொஹர்களை நஜராகச் சமர்ப்பிப்பார்கள். பாதுஷா பதிலுக்குக் கிலாத் என்கிற மரியாதை உடுப்பைப் போர்த்துவார். துரை அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, கம்பெனியின் பரிசுக் கிடங்கான தோஷாகானாவில் ஒப்படைத்தாக வேண்டும். தர்பாரில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் துரை நின்றுகொண்டே இருப்பார். உட்கார்ந்திருக்கிறவருக்கு மாதாமாதம் படியளக்கிறவர் அவர்தான்.

இந்த நாடகத்தில் முதலில் முகம் சுளித்தவர் இன்னொரு ஹேஸ்டிங்ஸ், மார்க்விஸ் பட்டக்காரர். 1813இல் கவர்னர் ஜெனரலாக வந்தவர். தன் முத்திரையில் ‘பாதுஷாவின் அடிமை ஊழியன்’ என்ற பொருளில் வாசகம் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, அதை நீக்கச் சொன்னார். தனக்குச் சமமாக உட்கார இடம் கொடுக்காவிட்டால் பாதுஷாவைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லி, பார்க்காமலேயே போய்விட்டார். ஒரு ராஜாவின் மவுசைக் குறைக்க என்ன வழி? பக்கத்திலேயே இன்னொரு ராஜாவை உண்டாக்குவது. அயோத்தி நவாப்பை உசுப்பேற்றி, 1819இல் லக்னோவில் அவருக்கு ‘பாதுஷா’ என்று முடிசூட்டவைத்தார். டில்லிக்காரரின் பொய்யை உடைக்க வந்தவர், லக்னோவில் புதிதாக ஒரு பொய்க்கு அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போனார்.

டில்லியில் ஷா ஆலமுக்குப் பின் பாதுஷாவான இரண்டாம் அக்பர் சும்மா இருக்கவில்லை. படி போதவில்லை என்று இங்கிலாந்து ராஜாவிடமே முறையிட ராம்மோகன் ராயை 1830இல் கப்பலேற்றினார். தூதருக்கு ஒரு அந்தஸ்து வேண்டும் என்பதற்காக ‘ராஜா’ பட்டம் கொடுத்தார். கம்பெனி அந்தப் பட்டத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி இன்று மண்ணோடு மண்ணாகிவிட்டது. ராஜா ராம்மோகன் ராய் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

1835இல் காசிலிருந்து முகலாயர் பெயர் போய் நான்காம் வில்லியத்தின் தலை வந்தது. 1840களில் நஜர் நின்றது. வெள்ளிச் சிம்மாசனத்தைப் பூட்டி வைத்தார்கள். அக்பருக்கு அடுத்த பாதுஷா பகதூர் ஷா ஜாபர் கவிதை எழுதினார், மாம்பழம் சாப்பிட்டார், யானை மேல் ஊர்வலம் போனார். அவருக்கு அப்புறம் வருகிறவர் பாதுஷா கிடையாது, வெறும் ஷாஜாதா, செங்கோட்டையையும் காலி செய்ய வேண்டும் என்று கானிங் பிரபு 1856இல் முடிவு கட்டினார். கிழவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இன்னும் சில வருஷம் பொறுத்திருந்தால் பொய் தன் படுக்கையில் நிம்மதியாகச் செத்திருக்கும்.

ஒரு பொய்யை எல்லோரும் நம்புவதுபோல நடித்துக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் சேதமில்லை. அதை யாராவது நிஜமாகவே நம்பித் தொலைத்தால்தான் வம்பு. 1857 மே 10 ராத்திரி மீரட்டில் துரைமார் மேல் பாய்ந்த சிப்பாய்களுக்கு ஒரு ராஜா தேவைப்பட்டார். ராஜா யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? நூறு வருஷமாகக் கம்பெனியே சொல்லிக்கொண்டிருக்கிறதே, காசில் அடித்து, தமுக்கில் முழங்கி! அறுபது கிலோமீட்டருக்கு மேல் குதிரையை விரட்டி, மறுநாள் காலை யமுனையின் படகுப் பாலத்தைக் கடந்து, செங்கோட்டையின் ஜன்னலுக்குக் கீழே நின்று, “ஜஹான்பனா!” என்று கூப்பிட்டார்கள்.

ஜாபருக்கு நெஞ்சு பதறியது. என்னிடம் படை இல்லை, கஜானா இல்லை என்றார். கஜானாவை நாங்கள் கொள்ளையடித்துக் கொண்டுவருகிறோம், நீங்கள் ராஜாவாக மட்டும் இருங்கள் என்றார்கள். பூட்டிக் கிடந்த வெள்ளிச் சிம்மாசனம் வெளியே வந்தது. நம்பிக்கையாளர்களின் பக்தி ஒரு தினுசாக இருந்தது. சிலர் அவரை “அடே கிழவா” என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்கள். இத்தனை காலம் பணத்துக்காக மரியாதை செய்தவர்களைப் பார்த்துப் பழகியவருக்கு, தன்னை நம்பி உயிரைக் கொடுக்க வந்தவர்களின் மரியாதைக்குறைவு புதிதாக இருந்திருக்கும்.

நான்கு மாதத்தில் டில்லி விழுந்தது. 1858 ஜனவரி 27இல் விசாரணை தொடங்கியது. இடம், செங்கோட்டையில் பாதுஷாவின் சொந்த திவான்-இ-காஸ் மண்டபம். குற்றச்சாட்டுகளில் ஒன்று, பிரிட்டிஷ் அரசின் குடிமகனாகிய இவர் தம் விசுவாசக் கடமையை மறந்து துரோகம் செய்தார் என்பது. கவனியுங்கள். இவர் எப்போது குடிமகன் ஆனார்? திவான் வேலை ராஜினாமா ஆனதாக ஒரு கடுதாசியும் கிடையாது. கணக்குப்பிள்ளை எஜமானரை அவர் வீட்டுக் கூடத்திலேயே நிறுத்தி, “எனக்குத் துரோகம் செய்தாய்” என்று வழக்குப் போடுகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் பாதி நேரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வழக்குக்கு அதைவிடச் சரியான எதிர்வாதம் இருந்திருக்க முடியாது. 1922இல் பக்லர் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கலகக்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது கம்பெனிதான். நல்ல தீர்ப்பு, 64 வருஷம் தாமதம்.

மார்ச் 9இல் எஜமானருக்கு நாடுகடத்தல் தீர்ப்பானது. ஆகஸ்ட் 2இல் கணக்குப்பிள்ளைக்கும் சீட்டுக் கிழிந்தது. கம்பெனியின் ஆட்சியைப் பறித்து விக்டோரியா ராணியிடம் கொடுத்தது லண்டன் பாராளுமன்றம். ரங்கூனில் ஜாபர் 1862 வரை இருந்தார். பாதுஷா இருந்தவரைதான் திவானுக்குப் பிழைப்பு என்பதை வக்கீல் மூளை படைத்த கம்பெனி அந்த ஒரு இடத்தில் மட்டும் யோசிக்கத் தவறிவிட்டது.

சரி, இனியாவது பொய் இல்லாமல் ஆண்டார்களா? 1877இல் அதே டில்லியில் தர்பார் கூட்டி, வராத ராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் நேரிலேயே வந்தார். முகலாயர்கள் ஜனங்களுக்குத் தரிசனம் கொடுத்த அதே செங்கோட்டை ஜரோகா மாடத்தில், கிரீடத்தோடும் ராணியோடும் உட்கார்ந்து காட்சி கொடுத்தார். கீழே லட்சக்கணக்கில் ஜனம். யார் உட்கார்ந்தாலும் கும்பிடுவதற்கு இங்கே ஆள் உண்டு என்பது லண்டனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. கும்பிட்டவர்களுக்கு ஒரு விஷயம் அதைவிட நன்றாகப் புரிந்திருந்தது: அங்கே உட்காருகிறவர் என்றைக்கும் குடித்தனக்காரர்தான்.